நொச்சி வீரன் பீற்றர் தங்கராஜ்

செட்டிபாளையம் பழைய மாணவர் ஒருவர்

புறப்பொருள் இலக்கணம் கற்றோர் உழிஞை, நொச்சி என்னும் இரண்டு திணைகளையும் மறந்திரார். பகைவரது மதிலை வளைத்துப் பொருவோர் சூடும் பூ உழிஞை. தமது மதிலை அகத்தே நின்று காப்போர் சூடும் பூ நொச்சி. தொல்காப்பியர் காவலையும் உழிஞைத் திணையுள்ளேயே அடக்கினார். பின்வந்த ஐயனாரிதனாரோ தமது புறப்பொருள் வெண்பாமாலையிலே நொச்சிக்கெனத் தனிப் படலம் ஒன்று வகுத்தார். என்னை? காவலும் ஒரு தனி வீரமென்று அவர் கண்டமையால் என்க. தாக்குவோனுக்கு ஒரு மலர் உண்டெனில் காப்போனுக்கும் ஒரு மலர் உண்டு. ஒன்று மற்றொன்றிற் குறைந்ததன்று.

இவ்வுண்மையை ஏட்டிலே படிக்கும் நாம் விளையாட்டு மைதானத்திலே மறந்துவிடுகின்றோம். உதைபந்தாட்டத்தில் அணியொன்றுக்குப் பதினொருவர். அவருட் பதின்மர் ஓடியும் உதைத்தும் ஆடுவர். ஒருவன் மாத்திரம் இரு கம்பங்களுக்கு நடுவே காவல் நிற்பான். நம் ஊர்ப் பள்ளிகளிலே அந்த ஒருவனை எவ்வாறு தெரிகின்றோம்? விரைந்து ஓடுவோரை முன்னணிக்கு எடுக்கின்றோம். உரமுடையோரைப் பின்னணிக்கு எடுக்கின்றோம். ஒன்றுக்கும் ஆகான் என்று எஞ்சியவனைக் கோலுக்கு நிறுத்துகின்றோம். கோல் விழுந்தால் ஏசுவதற்கு ஒருவன் வேண்டுமன்றோ? அவனே அவன்!

யான் உதைபந்தாட்டப் பயிற்றுநன் அல்லேன், தமிழ் கற்பிப்பவன். ஆயினும் மிச்சமானவனுக்கு உரிய இடம் எனக் கருதப்படும் அந்த இடத்திலே நின்று, ஆசியா முழுவதும் புகழ்பெற்ற ஒருவரின் வரலாற்றை நம் மாணவர் அறிதல் நன்றென எண்ணினேன். அவர்தாம் பீற்றர் தங்கராஜ். பெயரிலேயே தமிழ் துலங்கும் இவ்வீரரை நம் இளைஞருட் பலர் அறியார். அயல்நாட்டுக் கழகங்களின் காப்பாளர் பெயர்களையெல்லாம் ஒப்புவிக்கும் பிள்ளைகள், இந்துமாக் கடலின் இக்கரையிலேயே தோன்றிய இவர் பெயரைக் கேட்டதும் விழிக்கின்றனர்.

காவலின் இலக்கணம்

தங்கராஜின் பெருமையை அளப்பதற்கு முன், அவர் செய்த தொழிலின் அருமையை அறிதல் வேண்டும். கோலின் அகலம் 24 அடி. உயரம் 8 அடி. பெருக்கிப் பார்ப்பின் 192 சதுர அடி. சிறியதொரு வீட்டின் முற்றம் போன்ற இப்பரப்பைச் சுவராக நிறுத்தி, அதனை ஒரு மனிதன் தன் இரு கைகளாற் காக்கவேண்டும்.

தண்ட உதைக்குப் பந்து வைக்கப்படும் புள்ளி கோற்கோட்டிலிருந்து 36 அடி தொலைவில் உள்ளது. மணிக்கு 60 மைல் விரைவிலே செல்லும் பந்து ஒரு செக்கனில் 88 அடியைக் கடக்கும். ஆகவே 36 அடியைக் கடப்பதற்கு அதற்குத் தேவையான நேரம் ஒரு செக்கனைப் பத்தாகப் பகுத்தால் நான்கு பங்கேயாம். கண் கண்டதை மூளை உணர்ந்து உடலை ஏவுவதற்குள்ளேயே அந்நான்கு பங்கில் ஏறத்தாழ இரண்டு கழிந்துவிடும். எஞ்சிய இரண்டு பங்கில் மூலைக்குப் பாய்ந்து பந்தைத் தொடுதல் பெரும்பாலும் இயலாது. ஆதலால் வல்ல காப்பாளன் பந்தைக் கண்டபின் பாய்வதில்லை. உதைப்பவனது தோளையும் இடுப்பையும் நிலைக்காலையும் கண்டு, பந்து புறப்படும் முன்பே அது செல்லும் திசையை உய்த்துணர்கின்றான். இது கையின் வேலை மாத்திரமன்று, அறிவின் வேலையுமாகும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. இரவிலே விளக்கின் முன் உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். கை சுவரருகே இருப்பின் கையளவான நிழலே சுவரில் விழும். கையை விளக்கை நோக்கிக் கொண்டுசெல்லச் செல்ல, நிழல் பெருத்துச் சுவர் முழுவதையும் மூடும். பந்தை விளக்காகவும், காப்பாளனைக் கையாகவும், கோலைச் சுவராகவும் கொள்க. தனித்து வரும் எதிரியை நோக்கிக் காப்பாளன் முன்னேறி வருங்கால், எதிரியின் கண்ணுக்குக் கோல் சிறுத்துவிடுகின்றது. ஆனால் அளவுக்கு மிஞ்சி முன்வந்தாலோ, தலைக்கு மேலாகப் பந்தை மெல்லத் தூக்கி உள்ளே விடுவான் எதிரி. எப்பொழுது நிற்பது, எப்பொழுது வருவது என்னும் துணிவே காவற்கலையின் உயிர். அத்துணிவு பிழைத்தால் அதனைத் திருத்துவதற்குப் பின்னால் வேறொருவரும் இல்லை. முன்னணி வீரன் பத்து வாய்ப்புகளில் ஒன்பதைத் தவறவிட்டு ஒன்றைக் கோலாக்கினாலும் தோள்மேல் ஏற்றப்படுவான். காப்பாளன் பத்தில் ஒன்பதைத் தடுத்து ஒன்றை விட்டாலும் தலைகுனிந்து நிற்பான். நமது வாவியிலே வலை நிறைந்தால் மகிழ்ச்சி. காப்பாளனுக்கோ வலையில் ஒன்று விழுந்தாலும் துயரம்.

தங்கராஜ் ஆடிய காலத்திலே இத்தொழில் இன்னும் கடினமாயிருந்தது. பந்து தோலாலானது, மழையில் நனைந்தால் நீரை உறிஞ்சிக் கல்லெனக் கனக்கும். இக்காலத்தவர் அணியும் தடித்த கையுறைகள் அன்று வழக்கில் இல்லை. காப்பாளர் பெரும்பாலும் வெறுங்கையாலேயே பந்தைப் பிடித்தனர். பந்தைப் பற்றி நிற்கும் காப்பாளனைத் தோளால் மோதுவதையும் அக்கால விதிகள் ஒப்புக்கொண்டன. 1958ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கிண்ண இறுதியாட்டத்திலே, மான்செஸ்ரர் யுனைற்றெட் அணியின் காப்பாளர் ஹரி கிரெக்கைப் போல்ற்றன் அணியின் லொவ்ற்ஹவுஸ் பந்தோடு சேர்த்துக் கோலினுள்ளே மோதித் தள்ளினார். மத்தியஸ்தர் அதனையும் கோலென்றே தீர்த்தார்! இத்தகைய காலத்திலேதான் நம் வீரர் காவல் நின்றார்.

முன்னணியிலிருந்து காவலுக்கு

பீற்றர் தங்கராஜ் 1935ஆம் ஆண்டு மார்கழித் திங்கள் 24ஆம் நாள் ஐதராபாத்திலே பிறந்தார். அக்காலத்து ஐதராபாத்தும் அதன் இணைநகரான செக்கந்தராபாத்தும் இந்திய உதைபந்தாட்டத்தின் விளைநிலங்களாய் விளங்கின. செக்கந்தராபாத்தின் மோர்னிங் ஸ்ரார், பிறென்ட்ஸ் யூனியன் என்னும் கழகங்களிலே அவர் ஆடத் தொடங்கினார். 1953ஆம் ஆண்டு, நீலகிரி மலையில் வெலிங்டன் என்னும் ஊரிலுள்ள மதராஸ் றெஜிமென்ற் படைப்பிரிவின் மையத்திலே சேர்ந்தார்.

ஈண்டு ஒரு செய்தியை நம் மாணவர் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். படையிலே சேர்ந்தபோது அவர் காப்பாளராக ஆடவில்லை. முன்னணியின் நடுவே நின்று கோல் அடிக்கும் இடத்தில் ஆடினார். அங்கிருந்தே கோற்காவலுக்கு மாறினார். எஞ்சியவராக அவர் அங்கு நிறுத்தப்படவில்லை. அவரது ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் நீண்ட கைகளும் அவ்விடத்துக்கே பிறந்தவை போல் அமைந்தன. கோல் அடிக்கும் இடத்திலே ஆடிப் பழகியவன், அடிக்க வருபவனின் உள்ளத்தை அறிவான். கோட்டையைத் தாக்கிப் பழகியவனே அதன் எந்த மூலை நொய்ந்ததென்று நன்கறிவான் அல்லனோ? உழிஞை சூடியவர் நொச்சி சூடினார், நொச்சியிலேயே புகழ்பெற்றார்.

அப்புகழ் விரைந்து வந்தது. 1888இல் தொடங்கியதும் ஆசியாவின் மிகப் பழைய உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியுமான டுராண்ட் கிண்ணத்தை, அவர் காவல் நின்ற மதராஸ் றெஜிமென்ற் அணி 1955இலும் 1958இலும் வென்றது. மாநிலங்களும் முப்படைகளும் மோதும் சந்தோஷ் கிண்ணத்தை 1960இலே படைவீரர் அணி வென்றபோது அதன் தலைவர் அவரே. 1958இல் ஆசியாவின் தலைசிறந்த கோல் காப்பாளர் என்னும் பாராட்டும் அவரை வந்தடைந்தது. அப்பொழுது அவருக்கு வயது 22.

உலக அரங்கிலே

இந்திய அணியின் அந்நாளைய நிலையை அறிய ஓர் ஒப்பீடு போதும். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலே இந்தியா யூகோஸ்லாவியாவிடம் ஒன்றுக்குப் பத்து என்னும் கணக்கில் தோற்றது. நான்கு ஆண்டுகளின் பின், 1956இல், மெல்பேண் ஒலிம்பிக்கிலே இந்தியா அவுஸ்திரேலியாவை 4-2 என வென்று அரையிறுதியை அடைந்தது. ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் ஆசிய நாடொன்று அரையிறுதி காண்பது அதுவே முதன்முறை. அவ்வரையிறுதியில் அதே யூகோஸ்லாவியாவை எதிர்த்து இந்தியாவே முதற் கோலை அடித்தது. முடிவில் 1-4 எனத் தோற்றது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3 எனத் தோற்று நான்காம் இடம் பெற்றது. அந்த அணியின் இரு காப்பாளர்களுள் தங்கராஜ் ஒருவர், மற்றவர் எஸ். எஸ். நாராயண்.

1960ஆம் ஆண்டு றோமாபுரி ஒலிம்பிக்கிலே தங்கராஜ் ஹங்கேரி, பிரான்சு, பெரு ஆகிய நாடுகளை எதிர்த்து நின்றார். உலகத்தையே நடுங்கவைத்த ஹங்கேரி அணியிடம் இந்தியா தோற்றது 1-2 என்னும் கணக்கில் மாத்திரமே. ஹங்கேரியின் கோல்களுள் ஒன்றை அடித்த புளோரியன் அல்பேர்ட் என்பவர், 1967இலே ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரராகத் தெரிவுசெய்யப்பட்டவர். பிரான்சுடனான ஆட்டம் 1-1 எனச் சமமாய் முடிந்தது. பெருவிடம் 1-3 எனத் தோல்வி. ஏட்டிலே காண்பின் இவை தோல்விகளே. பத்துக் கோல் வாங்கிய நாடு, எட்டே ஆண்டுகளில் ஐரோப்பிய வல்லரசுகளோடு ஒரு கோல் இடைவெளியில் நின்றதே இவற்றின் உட்பொருள்.

ஜகார்த்தாவில் ஒரு நாள்

தங்கராஜின் வாழ்விலே மகுடமாய் அமைந்தது 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவாகும். இந்திய அணியின் பயிற்றுநர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரகீம். அவர் தொடக்கத்திலே ஓர் ஆசிரியர் என்பது நம் போன்றோர்க்கு மகிழ்ச்சி தருவது. அணித்தலைவர் சுனி கோஸ்வாமி.

முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 எனத் தோல்வி. பின்னர்த் தாய்லாந்தை 4-1 எனவும், யப்பானை 2-0 எனவும், அரையிறுதியில் தென்வியத்நாமை 3-2 எனவும் வென்று இறுதியாட்டத்துக்கு வந்தது இந்தியா. எதிரி, முதல் நாள் தோற்கடித்த அதே தென்கொரியா.

அணியோ நைந்திருந்தது. பின்காப்பாளர் ஜர்னைல் சிங்கின் தலையிலே காயம்பட்டுத் தையல் இடப்பட்டிருந்தது. தங்கராஜ் காய்ச்சல் கண்டிருந்தார். அரையிறுதியிலே அவருக்குப் பதிலாக இளைஞர் பிரத்யுத் பர்மன் காவல் நின்றார். புறத்திலும் பகை சூழ்ந்தது. இஸ்ரேலையும் தாய்வானையும் விழாவில் சேர்க்காமை குறித்து இந்திய விளையாட்டு அதிகாரி ஒருவர் எழுப்பிய ஆட்சேபத்தால், ஜகார்த்தா மக்கள் இந்தியர்மீது சினங்கொண்டிருந்தனர். ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் நிறைந்த அரங்கு, இந்தியாவுக்கு எதிராக ஆரவாரித்தது.

இந்நிலையில் ரகீம் இரண்டு துணிவான முடிவுகளை எடுத்தார். தலையில் தையலோடு இருந்த ஜர்னைல் சிங்கைப் பின்னணியிலிருந்து எடுத்து முன்னணியின் நடுவே நிறுத்தினார். நோயினின்றும் எழுந்த தங்கராஜை மீண்டும் கோலுக்கு அழைத்தார். இவற்றுள் இரண்டாவது முடிவின் கனத்தை எண்ணிப் பாருங்கள். முன்னணி வீரன் தளர்ந்தால் மற்ற நால்வர் ஈடுசெய்வர். காப்பாளன் தளர்ந்தால் ஈடுசெய்வார் இலர். ஆட்டத்தின் இடையே மாற்று வீரரை இறக்கும் வழக்கம் உலகக் கிண்ணப் போட்டிக்கே 1970இலேதான் வந்தது. மேலும், அரையிறுதியை வென்று தந்த இளைஞர் ஒருவர் உடல்நலத்தோடு வெளியே இருக்கின்றார். அவரை இருத்திவிட்டு நோயுற்றெழுந்தவரை நிறுத்துவதாயின், அந்த மனிதர்மீது எத்துணை நம்பிக்கை வேண்டும்!

1962 புரட்டாதி 4ஆம் நாள் ஆட்டம் நடந்தது. 17ஆவது நிமிடத்தில் பி. கே. பானர்ஜி ஒரு கோல் அடித்தார். 20ஆவது நிமிடத்தில் ஜர்னைல் சிங் இரண்டாவதை அடித்தார். அதன்பின் எஞ்சியதெல்லாம் காவலே. ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகத் தென்கொரியர் மோதினர். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் ஒரு கோல் அடித்தனர். மற்றொன்றுக்கு இடம் கிடைக்கவில்லை. 2-1 என வென்று இந்தியா பொற்பதக்கம் பெற்றது. 1951க்குப் பின் அது இரண்டாவது பொற்பதக்கம். அதன்பின் இன்றுவரை ஆசிய விழாவிலே உதைபந்தாட்டத்துக்கான பொற்பதக்கத்தை இந்தியா பெற்றதில்லை. பயிற்றுநர் ரகீம் அடுத்த ஆண்டிலேயே, 1963 ஆனித் திங்களில், புற்றுநோயால் மறைந்தார்.

அந்த நாளைப் பற்றிய குறிப்பேட்டைத் திறந்தால் இந்தியப் பக்கத்தில் இரண்டு பெயர்கள் காணப்படும்: பானர்ஜி, ஜர்னைல் சிங். அவை பொன்னெழுத்துக்குரிய பெயர்களே. ஆயின் விழாமற்போன கோலுக்கு ஏட்டிலே இடமில்லை. பின்காப்பாளரும் தங்கராஜும் அந்த ஒரு மணித்தியாலத்திலே செய்தது, ஒன்றும் நிகழாமற் பார்த்துக்கொண்டமை. நிகழாததை எந்த ஏட்டிலே எழுதுவது?

பிற்கால வாழ்வு

படையினின்றும் விலகிய தங்கராஜ் கல்கத்தாவுக்குச் சென்றார். அங்கே முகம்மதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ற் பெங்கோல் என்னும் மூன்று பெருங் கழகங்களுக்கும் அடுத்தடுத்து ஆடினார். இக்கழகங்களின் ஆதரவாளரிடையே உள்ள போட்டி உலகறிந்தது. கல்கத்தாவின் ஆட்டங்கள் மழைக்காலத்திலே சேற்றில் நடைபெறுவன. வழுக்கும் நிலத்திலே, கனத்த பந்தோடு, காப்பாளனின் கைத்திறன் நாடோறும் சோதிக்கப்படும். அச்சோதனையில் அவர் ஆண்டுகள் பல நிலைத்து நின்றார்.

1964ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணப் போட்டியிலே இரண்டாம் இடம் பெற்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார். 1967இல் இந்திய அரசு அவருக்கு அர்ச்சுனா விருது வழங்கிப் போற்றியது. ஐரோப்பாவிலே ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கு வழங்கப்பெறும் பொற்பந்து விருதை இன்றுவரை பெற்ற ஒரே கோல் காப்பாளர் உருசிய நாட்டு லெவ் யாசின். அவர் அதனைப் பெற்ற ஆண்டு 1963. மேற்கே யாசின் புகழோங்கிய அதே காலத்திலே கிழக்கே தங்கராஜ் நின்றார் என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

1970களின் தொடக்கத்தில் ஆட்டத்தினின்றும் ஓய்வுபெற்ற அவர், பயிற்றுநராகத் தம் கலையை இளைஞர்க்கு ஈந்தார். பொக்காரோ என்னும் உருக்கு நகரத்தில் வாழ்ந்து, 2008 கார்த்திகைத் திங்கள் 24ஆம் நாள் அங்கேயே காலமானார். பயிற்றுநர் ரகீமின் வரலாற்றைக் கூறும் 'மைதான்' என்னும் இந்தித் திரைப்படம் 2024இலே வெளிவந்தது. அதிலே தங்கராஜும் ஒரு பாத்திரமாக வருகின்றார். அவர் மறைந்து பதினைந்து ஆண்டுகள் கழிந்தபின்னரே புதிய தலைமுறையொன்று அவர் பெயரைக் கேட்டது.

நாம் கொள்ளவேண்டியது

எழுவான்கரையில் வாழும் நமக்கு வயல்கள் படுவான்கரையிலே உள்ளன. கதிர் முற்றுங் காலத்திலே யானைக் காவலுக்காக இரவெல்லாம் பரண்மீது விழித்திருப்போரை நாம் அறிவோம். அறுவடை நிறைவேறி நெல் வீடு வந்து சேர்ந்தபின், விளைத்தவனைப் புகழ்வோம், மூட்டைகளை எண்ணுவோம். வாராமற்போன யானைகளை எண்ணுவார் ஒருவருமிலர். காவல் நன்றாயிருந்தமைக்கு அடையாளமே ஒன்றும் நிகழாமை. ஆதலாற்றான் காப்போர் எளிதில் மறக்கப்படுகின்றனர். கோற்கம்பங்களின் நடுவே நிற்பவனுக்கும் இதே விதி.

இந்த விதியை மைதானத்தளவிலாவது மாற்றுதல் நம் கையிலே உள்ளது. ஆசிரியர்களாயும் பெற்றோராயும் விளங்கும் பழைய மாணவர்க்கு ஒன்று கூறுவேன். உங்கள் பள்ளி அணிக்கு ஆள் தெரியும்போது கோல் காப்பாளனை இறுதியிலே தெரியாதீர், முதலிலே தெரியுங்கள். உயரமும் கூரிய நோக்கும் உடைய பிள்ளை முன்னணியில் ஆடுபவனாயினும், கம்பங்களின் நடுவே ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். தங்கராஜும் அவ்வாறே இடம் மாறியவர். ஆட்டம் முடிந்ததும் குறிப்பேட்டிலே கோல் அடித்தோர் பெயரை எழுதும் இடத்துக்கு அருகே இன்னொரு கோடு இட்டு, காப்பாளன் எத்தனை பந்துகளைத் தடுத்தான் என்றும் எழுதுங்கள். அதற்குச் செலவு ஒரு துளி மையே. அத்துளி மை, தோற்ற அணியின் காப்பாளனாய்த் தலைகுனிந்து வீடு செல்லும் ஒரு சிறுவனுக்கு எத்துணை ஆறுதல் தருமென்பதை அவன் முகத்திலே காண்பீர்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுள் எவனாவது கோலுக்குப் போ என்று ஏவப்பட்டால் முகங்கோணாதீர்கள். அது எஞ்சியவனின் இடமன்று. காய்ச்சலினின்றும் எழுந்துவந்த ஒருவர், ஓர் இலட்சம் பேரின் எதிர்ப்பொலியின் நடுவே தனித்து நின்று காத்த இடம் அது. நம் முன்னோர் அவ்விடத்துக்கெனத் தனியே ஒரு பூவை ஒதுக்கிவைத்தனர். அப்பூவைச் சூடத் தகுதியுள்ளவர்களாய் நில்லுங்கள்.